டேப்லெட்டில் பால் கணக்கு: ஒரு பாயின்ட் எங்கே போனது?

காங்கயம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் அக்கா பால் எடுக்கும் நிலையம் நடத்துகிறாள். தனியார் கம்பெனிக்குப் பால் சேர்த்துக் கொடுக்கும் சின்ன இடம். ஒரு தகரக் கொட்டகை, அளவை, கொழுப்பு பார்க்கும் ஃபேட் மெஷின், பாலின் அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டர், சுவரில் ஒரு விலை அட்டை. அவ்வளவுதான் சொத்து. காலையும் மாலையும் 46 பேர் பால் ஊற்றுகிறார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா. அதற்கு முந்தின ராத்திரி அக்காவும் மாமாவும் நோட்டு, கால்குலேட்டர் சகிதம் உட்கார்ந்தால் எழுந்திருக்க விடிந்துவிடும். ஆளுக்கு 30 வரி, 46 பேருக்கு 1,380 வரி. ஒவ்வொரு வரிக்கும் அட்டையில் விலை தேடி, லிட்டரால் பெருக்கி, கடைசியில் ஆள்வாரியாகக் கூட்ட வேண்டும்.

நான் கோயம்புத்தூரில் ஒரு ஆபீசில் கணக்குப் பார்க்கிறவன். நாள் முழுக்க எக்செல்தான். "ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் அக்கா, முடிச்சுக் கொடுத்துடறேன்" என்று வாய் விட்டேன். இரண்டு மாதம் ஆனது. அதில் ஒரு பட்டுவாடாவில் ஊரார் காசைக் குறைத்துக் கொடுத்த பெயரும் வந்தது. அதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு.

கொட்டகையில் கம்ப்யூட்டர் வைக்க முடியாது. எப்போதும் தரை ஈரம், மின்சாரம் இருந்தால் இருக்கும். வீட்டில் பையன் படிப்புக்கு வாங்கிய ஆண்ட்ராய்டு டேப்லெட் சும்மா கிடந்தது. முதலில் எக்செல் செயலியைப் போட்டுப் பார்த்தேன். திரை 10.1 அங்குலத்துக்கு மேல் இருந்தால் சந்தா கட்டினால்தான் அதில் திருத்த முடியும், எங்களுடையது 10.5. சரி, கூகுள் ஷீட்ஸ் என்று முடிவானது. காசில்லை, மாமா போனிலும் திறந்து பார்க்கலாம், ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. காலை ஐந்தரை மணிக்கு அந்தக் கொட்டகையில் சிக்னலை நம்ப முடியாது என்பதால் ஆஃப்லைன் வசதியை முதல் நாளே போட்டுவிட்டேன்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டேன். டேப்லெட்டில் கணக்குத் தாளைப் பயன்படுத்துவது சுகம், கட்டுவது கஷ்டம். நீண்ட ஃபார்முலாவை விரலால் அடித்து, நடுவில் ஒரு அடைப்புக்குறியைத் திருத்தப் போனால் வேறு செல்லைத் தொட்டுத் தொலைப்போம். விசைப்பலகை மேலே வந்து பாதித் திரையை மூடிக்கொள்ளும். ஆகவே கட்டுமானத்தை லேப்டாப்பில் செய்தேன்; சோதித்தது மட்டும் டேப்லெட்டில், அதுவும் கொட்டகையிலேயே நின்று. வீட்டு சோஃபாவில் சரியாக வேலை செய்தது, பால் ஈரக் கையோடு தொடும்போது வேலை செய்யவில்லை. திரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அதையும் விரல் என்று நினைத்துக்கொண்டு தாள் தானாக நகரும். இதற்கு மென்பொருளில் மருந்து கிடையாது. ஒரு ஜிப் கவர், பக்கத்தில் ஆணியில் மாட்டிய துண்டு, கடையில் கிடைத்த மலிவான ரப்பர் முனைப் பேனா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சுவரில் தொங்கும் விலை அட்டையைப் பாருங்கள்: இடது பக்கம் மேலிருந்து கீழாகக் கொழுப்பு 3.0, 3.1, 3.2 என்று இறங்கும். மேலே குறுக்கே எஸ்.என்.எஃப் எனப்படும், கொழுப்பு நீங்கலான இதரச் சத்து, 7.8, 7.9 என்று போகும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு லிட்டர் விலை. அக்கா விரல் வைத்துத் தேடுவது அப்படியே இண்டெக்ஸ், மேட்ச் என்ற இரண்டு ஃபங்ஷன்களும் சேர்ந்து செய்யும் வேலை. ஒரு மேட்ச் கொழுப்புக்கு எந்த வரிசை என்று சொல்லும், இன்னொரு மேட்ச் இதரச் சத்துக்கு எந்தப் பத்தி என்று சொல்லும், இண்டெக்ஸ் அந்தக் கட்டத்தில் உள்ளதை எடுத்துத் தரும். எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் வி-லுக்அப் ஒரு திசையில்தான் தேடும். இரண்டு பக்கமும் தலைப்பு உள்ள அட்டைக்கு அது மட்டும் போதாது. 2022-இலிருந்து கூகுள் ஷீட்ஸில் எக்ஸ்லுக்அப்பும் இருக்கிறது, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போட்டும் இதைச் செய்யலாம். எனக்குக் கை பழகியது பழைய முறை.

இதரச் சத்தை மெஷின் தராது, கணக்குப் போட வேண்டும். லாக்டோமீட்டர் காட்டும் டிகிரியை நாலால் வகுத்து, கொழுப்பில் ஒரு பங்கையும் ஒரு நிலையான எண்ணையும் அதோடு கூட்ட வேண்டும். அந்தப் பங்கும் எண்ணும் இடத்துக்கு இடம் மாறும். எங்களுக்குக் கொடுத்தது 0.25-உம் 0.44-உம். டிகிரி 28, கொழுப்பு 4.0 என்றால் 7, 1, 0.44 சேர்ந்து 8.44. அட்டையில் 8.4-க்கு அடுத்தது 8.5. 8.46 வந்தால் எந்தப் பத்தி? நான் என் இஷ்டத்துக்குக் கிட்டத்தட்ட உள்ள எண் என்று வைத்திருப்பேன். அக்கா, "இல்லடா, கீழதான் போடணும், எட்டு நாலுதான்" என்றாள். ஃபார்முலா எழுதுவதற்கு முன்னால் கையால் கணக்குப் போடுகிறவர் பக்கத்தில் ஒரு பட்டுவாடா ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்ப்பது நல்லது. அவருக்கே தெரியாத விதிகள் அவர் விரலில் இருக்கும். அந்த 0.25, 0.44 இரண்டையும் ஃபார்முலாவுக்குள் புதைக்காமல் தனிச் செல்களில் வைத்தேன். நாளைக்குக் கம்பெனி மாறினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

தாள்கள் நான்கு. உறுப்பினர், விலை, பதிவு, பார்வை. பதிவுத் தாளில் தேதி, வேளை, உறுப்பினர் எண் மூன்றையும் பதினைந்து நாளுக்கும் முன்கூட்டியே நிரப்பி வைத்துவிடுவேன். அக்கா அடிக்க வேண்டியது லிட்டர், கொழுப்பு, டிகிரி மூன்றுதான். இந்த முறைக்கு வந்ததற்குக் காரணம் இரண்டு விபத்துகள். தேதியை அக்கா கையாலேயே அடிக்கட்டும் என்று முதலில் விட்டிருந்தேன். தாளின் வட்டார அமைப்பு அமெரிக்கா என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. ஜூன் 5-க்கு 5/6 என்று அடித்தால் அது மே 6 ஆகிவிட்டது. 13-ஆம் தேதியிலிருந்து, பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால், வெறும் எழுத்தாக நின்றுவிட்டது. முதல் பன்னிரண்டு நாள் பால் வருஷம் முழுக்கச் சிதறிக் கிடந்தது. செல்லில் தேதி வலது ஓரமாக ஒட்டி நிற்கும், எழுத்து இடது ஓரமாக நிற்கும்; அந்த ஒரு அடையாளம் தெரிந்திருந்தால் முதல் வாரமே பிடித்திருக்கலாம். அமைப்பை இந்தியா என்று மாற்றியதும் சரியானது. அப்புறம் புத்திசாலித்தனமாக, அன்றைய தேதியைத் தானே காட்டும் டுடே ஃபங்ஷனைப் போட்டேன். மறுநாள் காலையில் முந்தின நாள் வரிகளும் அன்றைய தேதியைக் காட்டின. இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆபீசில் புதுப் பையன்களைத் திட்டியதே இதற்காகத்தான்.

பெயரை வைத்துத் தேடலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேண்டாம். ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். அது போக, தமிழ் விசைப்பலகையில் பரிந்துரைச் சொல்லைத் தொட்டால் பின்னால் ஒரு இடைவெளியும் சேர்ந்து விழும். கண்ணுக்குத் தெரியாது, தேடலுக்குத் தெரியும். 'கோ' என்ற எழுத்தைக்கூட யூனிகோடில் இரண்டு விதமாகச் சேர்த்து எழுத முடியும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே வேறு. எண்ணை வைத்துத் தேடிப் பெயரைக் காட்டுவதுதான் ஒரே வழி.

எல்லாம் தயார். சோதித்தும் பார்த்தேன். கொழுப்பு 3.0 போட்டால் அட்டையில் உள்ள விலை வந்தது. 4.5 போட்டேன், வந்தது. 5.0 போட்டேன், வந்தது. நோட்டை மூடிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். மாமா, "ஒரு பட்டுவாடாவுக்கு ரெண்டும் இருக்கட்டுமே மாப்ள" என்றார். நான் கேட்கவில்லை.

பட்டுவாடா முடிந்த மறுநாள் காலை 27-ஆம் எண் அம்மா வந்தார். இரண்டு கலப்பினப் பசு, ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் ஊற்றுகிறவர். கையில் பழைய பால் அட்டை, அதில் தினமும் மெஷின் காட்டிய எண்ணைப் பென்சிலில் குறித்து வைத்திருந்தார்.

"ஏனுங்க தம்பி, மெஷின்ல நாலுன்னுதானே காட்டுச்சு? செவுத்து அட்டையில நாலுக்கு வேற ரேட்டுங்களே?"

டேப்லெட்டை எடுத்தேன். கொழுப்பு 4.0. பக்கத்தில் விலை. சுவர் அட்டையில் 3.9-க்கு உள்ள விலை அது. அடுத்த வரியும் அப்படித்தான். ஒரு பாயின்ட், அதாவது கொழுப்பு 0.1 குறைந்தால் லிட்டருக்கு 30 பைசா. அவர் 150 லிட்டர் ஊற்றியிருந்தார், 45 ரூபாய்.

விலைத் தாளில் 4.0 என்று தலைப்பு தெளிவாக இருந்தது. ஃபார்முலாவில் தப்பில்லை. தலைப்பை அழித்துவிட்டு அதே இடத்தில் 4 என்று கையால் அடித்தேன். விலை சட்டென்று சரியானது. முன்னாலும் 4.0, இப்போதும் 4.0. ஐந்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் நின்றேன். அந்த அம்மா என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

நடந்தது இதுதான். கொழுப்புத் தலைப்புகள் முப்பதுக்கு மேல் இருந்ததால் ஒவ்வொன்றையும் அடிக்கச் சோம்பல் பட்டு, முதலில் 3.0 போட்டு, அடுத்த செல்லுக்கு 'மேலே உள்ளது கூட்டல் 0.1' என்று கீழே வரை இழுத்திருந்தேன். கணினி எண்களை இரண்டின் அடுக்குகளில் வைத்துக்கொள்கிறது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதினால் முடியாமல் போய்க்கொண்டே இருக்குமே, அதுபோல 0.1 கணினிக்கு முடியாத எண். எங்கேயோ வெட்டித்தான் வைக்கும். 3.2-உடன் 0.1 கூட்டினால் 3.3 வராது, 3.3000000000000003 வரும். திரை அதை 3.3 என்றுதான் காட்டும். நான் பயன்படுத்திய மேட்ச், தேடும் எண்ணைத் தாண்டாத கடைசித் தலைப்பை எடுக்கும் வகை. 4.0 என்று தேடினால், தலைப்பு 4.0-ஐ மயிரிழை தாண்டி நிற்பதால் அதை விட்டுவிட்டு 3.9-க்கு இறங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டு விலையை அமைதியாக எடுத்துத் தந்துவிடும்.

இதில் இன்னும் வேடிக்கை, 4.2-க்கு வரும்போது வெட்டும் விதம் மாறி எண் தானாகச் சரியாகிவிடுகிறது. அதற்கு மேல் உள்ளவை கொஞ்சம் குறைவாக நிற்கின்றன, அது தேடலைக் கெடுக்காது. ஆக 3.3 முதல் 4.1 வரைதான் ஓட்டை. நான் சோதித்தது 3.0, 4.5, 5.0. எங்கள் ஊர்க் கலப்பினப் பசுக்களின் பால் பெரும்பாலும் விழுவது அந்த ஓட்டைக்குள்ளேதான். எருமை வைத்திருந்த நாலு வீட்டுக்கும் கணக்கு சுத்தமாக இருந்தது. இதரச் சத்துத் தலைப்புகள் கொஞ்சம்தான் என்று கையால் அடித்திருந்தேன், அங்கேயும் தப்பில்லை. எங்கே சோம்பல் பட்டேனோ அங்கே மட்டும் பிழை.

மொத்தம் 900 ரூபாய்ச் சொச்சம் ஊராருக்குக் குறைவாகப் போயிருந்தது. கம்பெனி அக்காவுக்கு முழு விலை கொடுத்துவிட்டது, ஆகவே அந்தக் காசு அக்கா கையில் நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் இதற்குப் பெயர் வேறு. அன்று சாயங்காலமே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்து முடித்தாள். என்னிடம் ஒரு நாள் பேசவில்லை.

திருத்தம் மிகச் சின்னது. தலைப்புகளைக் கையால் அடித்தேன். தேடும் கொழுப்பு எண்ணையும் ரவுண்ட் போட்டு ஒரு தசமத்துக்குக் கொண்டுவந்தேன். மேட்ச்சின் கடைசியில் பூஜ்யம் போட்டு, அச்சு அசலாகப் பொருந்தினால் மட்டும் எடு, இல்லையென்றால் பிழை காட்டு என்று மாற்றினேன். பிழை காட்டினால் அசிங்கமாக இருக்கிறதே என்று முன்பு இஃப்எரர் போட்டுப் பூஜ்யமாக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதையும் எடுத்துவிட்டு, செல் சிவப்பாகி 'அட்டையில் இல்லை' என்று கத்தும்படி வைத்தேன். இதற்கு உடனே பலன் தெரிந்தது. ஈர விரலில் புள்ளி விட்டுப்போய் 4.2 என்பது 42 ஆனது. பழைய முறையில் 42-க்கு அட்டையின் கடைசி வரி, அதாவது உச்ச விலை விழுந்திருக்கும். இப்போது சிவப்பு. கூடவே கொழுப்புப் பத்தியில் 2.5-க்குக் கீழும் 8-க்கு மேலும் ஏற்காதபடி டேட்டா வேலிடேஷனும் போட்டேன்.

விலைத் தாளைப் பூட்டியும் வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் யாரோ ஒரு எண்ணை அழித்திருக்கிறார்கள். தாளின் உரிமையாளர் கணக்கு என்னுடையது, டேப்லெட்டில் திறந்திருந்ததும் என் கணக்கு. உரிமையாளருக்குப் பூட்டு கிடையாது. அக்கா பெயரில் தனிக் கணக்கு தொடங்கி, பதிவுத் தாளை மட்டும் திருத்த அனுமதி கொடுத்த பிறகுதான் பூட்டு பூட்டாக வேலை செய்தது. அழிந்த எண்ணை, தாளின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் வெர்ஷன் ஹிஸ்டரியிலிருந்து மீட்டேன்.

அடுத்த அடி கம்பெனி விலையை மாற்றியபோது விழுந்தது. புது அட்டையைப் பழையதன் மேலேயே ஒட்டினேன். பட்டுவாடா முடிந்த போன மாதக் கணக்கும் புது விலைக்கு மாறிவிட்டது. டான் பிரிக்ளின் என்பவருக்கு ஹார்வர்டில் படிக்கும்போது கணக்குத் தாள் என்ற யோசனை வந்ததே, பேராசிரியர் கரும்பலகையில் ஒரு எண்ணைத் திருத்தினால் மற்ற எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைப் பார்த்துத்தான் என்பார்கள். 1979-இல் வந்த அவருடைய விசிகால்க் மென்பொருள் அந்த வேலையைத் தானே செய்தது. ஒன்றை மாற்றினால் எல்லாம் மாறும் என்பதுதான் இந்தச் சாமானின் பெருமை. பட்டுவாடா முடிந்த கணக்குக்கு அதுவே வினை. இப்போது பட்டுவாடா அன்றே அந்தப் பதினைந்து நாள் வரிகளை வேறு கோப்புக்கு, ஃபார்முலா இல்லாமல் மதிப்பாக மட்டும் ஒட்டி எடுத்துவிடுகிறேன். வருஷத்துக்கு 33,000 வரிக்கு மேல் வரும், அதைச் சுமந்துகொண்டு டேப்லெட் தவழாமல் இருக்கவும் இது உதவுகிறது.

வரைபடம் கடைசியாகத்தான் வந்தது. பார்வைத் தாளில் மேலே ஒரு கீழ்விரிப் பட்டியல், உறுப்பினர் எண்ணைத் தொட்டுத் தேர்ந்தெடுத்தால் ஃபில்டர் ஃபங்ஷன் அவருடைய பதினைந்து நாள் வரிகளை மட்டும் இழுத்து வரும், அதிலிருந்து கோட்டு வரைபடம். முதலில் காலை, மாலை இரண்டையும் ஒரே கோட்டில் போட்டேன். ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. அக்கா சிரித்தாள். ராத்திரி இடைவெளி நீளம், அதனால் காலைப் பால் அதிகம், கொழுப்பு குறைவு. பகல் இடைவெளி குறைவு, சாயங்காலப் பாலில் கொழுப்பு கூடும். கறவை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்தது எனக்கு வரைபடம் போட்ட பிறகு தெரிந்தது. இரண்டு கோடாகப் பிரித்ததும் படம் பேசத் தொடங்கியது.

அளவுகோல் இன்னொரு தொல்லை. 3.9-க்கும் 4.1-க்கும் நடுவே ஆடினால் ஷீட்ஸ் அந்த இடைவெளியை மட்டும் இழுத்துப் பெரிதாக்கி, மலையிலிருந்து விழுவது போலக் காட்டும். பார்க்கிறவர் பதறுவார். டேப்லெட் செயலியில் அச்சின் எல்லையை நிர்ணயிக்கும் இடம் என் கண்ணில் படவில்லை. குறுக்கு வழி ஒன்று செய்தேன்: பக்கத்தில் இரண்டு பத்திகள் சேர்த்து, ஒன்றில் எல்லா வரியிலும் 3, இன்னொன்றில் எல்லா வரியிலும் 6. இரண்டு மெல்லிய சாம்பல் கோடுகளாக அவை மேலும் கீழும் நிற்கும், பசு வைத்திருப்பவர்களில் யாருடைய எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் அளவுகோல் அசையாது. எழுத்தையும் பெரிதாக்கினேன், ஏனென்றால் இந்தப் படத்தைப் பார்க்கப்போவது மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்.

இப்போது அக்கா பட்டுவாடா அன்று எண்ணைத் தொட்டு, டேப்லெட்டை அப்படியே எதிரே திருப்பி வைத்துவிடுகிறாள். லிட்டர், கொழுப்பு, விலை, கோடு எல்லாம் அவர்கள் கண் முன்னால். போன வாரம் நான் போயிருந்தபோது 27-ஆம் எண் அம்மா வந்தார். பென்சில் குறித்த அட்டை இன்னமும் கையில் இருந்தது. திரையையும் அட்டையையும் வரி வரியாக ஒப்பிட்டு முடித்தார். பிறகு சாயங்காலக் கோட்டில் ஒரு பள்ளத்தில் விரல் வைத்தார்.

"இந்த மூணு நாளு சோளத்தட்டு தீர்ந்துபோச்சுங்க. வெறும் வைக்கோலு. தெரியுதுங்களா தம்பி?"

தெரிந்தது.